லிஃப்டுக்கு ஊற்றியது, விரிப்பில் வந்தது

லிஃப்டுக்கு ஊற்றிய எண்ணெய் ஹோட்டலின் படுக்கை விரிப்பில் போய்ச் சேர்ந்தது. அதுதான் நடந்த கோளாறு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஆட்கள் போட்ட ஆட்டம்.

லிஃப்ட் மெக்கானிக் வேலை நன்றி கெட்ட வேலை. ஓடுகிற லிஃப்டில் போகிறவன் மெக்கானிக்கை நினைப்பதில்லை. நின்ற லிஃப்டுக்குள் இருப்பவன் நினைக்காமல் இருப்பதில்லை. என்ன வார்த்தை சொல்லி நினைத்தான் என்பதை இங்கே எழுத முடியாது. பம்பு, மோட்டார், ஃபிரிட்ஜ் என்று எதையாவது ரிப்பேர் பார்த்துக் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்பதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் காது மரத்திருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் கம்பெனி என்னை மதுரையிலிருந்து மலைக்கு அனுப்பியது. பெருமாள்மலையில் அறை எடுத்தேன். என் பொறுப்பில் இரண்டு லிஃப்ட். பெருமாள்மலை சர்வீஸ் ஸ்டேஷனில் கார் தூக்குவது ஒன்று. கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ஆள் தூக்குவது ஒன்று. இரண்டும் எண்ணெயில் ஓடுபவை. கார் லிஃப்டால் தொந்தரவு இல்லை. கார் பேசாது. ஹோட்டல் கதையைத்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம்.

கயிறு இல்லை

சாதாரண லிஃப்டை மேலேயிருந்து கயிறு இழுக்கும். அதற்கு உச்சியில் ஒரு மெஷின் அறை வேண்டும். ஹோட்டல் முதலாளிக்கு வெள்ளைக்காரன் பங்களா மாதிரி சரிந்த ஓட்டுக்கூரை வேண்டும். கூரைக்கு மேல் ஒரு அறை துருத்திக்கொண்டு நின்றால் அழகு கெடுமாம். ஆகவே கீழேயிருந்து தள்ளுகிற லிஃப்ட். தரையில் ஆழமாகத் துளை போட்டு ஒரு இரும்புச் சிலிண்டரைப் புதைத்திருக்கும். அதற்குள் ஒரு தண்டு. பம்பு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் தண்டைத் தள்ளும், தண்டு பெட்டியைத் தள்ளும். பெட்டி இறங்கும்போது எண்ணெய் டேங்குக்குத் திரும்பிவிடும். டாக்டர் ஊசி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

டூரிஸ்டுகளுக்கு வேண்டியிருந்தது. காரைக்குடியிலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்தது. வீட்டுப் பெரியவர் கிரில் கதவு வழியாக மேலே எட்டிப் பார்த்தார். கயிற்றைக் காணோம். லிஃப்ட் ஓட்டுகிற பிச்சையைக் கூப்பிட்டு விசாரித்தார். பிச்சை தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இது கயிறு இல்லாத மாடல் என்று பெருமையாகச் சொன்னான். பெண்கள் எல்லாரும் மாடிப்படி பக்கம் நகர்ந்தார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் குடும்பத்தைத் திரும்பக் கூப்பிட்டார்.

"கயிறே இல்லைங்கிறான். அப்ப அறுந்து விழவும் வழியில்லை. ஏறுங்க எல்லாரும்."

குளிர் குடிக்கிறது

மார்கழிக் குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டுவிடும். காலையில் முதல் ஓட்டம் ஓடும்போது லிஃப்ட் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகும். பிச்சை தன் கம்பளியை எடுத்து எண்ணெய் டேங்கைப் போர்த்தி வைத்திருந்தான். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் கரிச்சட்டி வேறு பற்றவைத்திருந்தான். எண்ணெய்க்குப் பக்கத்தில் நெருப்பு. சட்டியை வெளியே எடுத்துப்போய்க் கவிழ்த்துவிட்டு அவனைத் திட்டினேன். எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறதே, குளிர்தான் குடிக்கிறது, சூடு காட்டினால் குடிக்காது என்றான்.

எண்ணெய் குறைந்தது நிஜம். ஒவ்வொரு தடவை போகும்போதும் டின் டின்னாக ஊற்றினேன். எண்ணெய் சோறு அல்ல, லிஃப்ட் தின்று தீர்ப்பதற்கு. குறைந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம். மேனேஜர் தனராஜிடம் போனேன். டை கட்டிய மனிதர், நல்லவர், சீசனைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். மண்ணுக்குள் சிலிண்டர் அரித்திருக்கிறது, வெளியே உருவ வேண்டும், லிஃப்டை நிறுத்த வேண்டும் என்றேன். கோடை சீசன் முடியட்டும் என்றார். முடிந்தது. பூஜா சீசன் என்றார். அதுவும் முடிந்தது. கிறிஸ்துமஸ் என்றார். மறுபடி கோடை வந்தது.

"சீசன் முடியட்டும் மிஸ்டர். அதுவரைக்கும் ஊத்துங்க. பூமிக்குத்தானே போகுது, பக்கத்து ஹோட்டலுக்கா போகுது?"

முட்டிவலி

அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. ஹோட்டல் சமையலறையில் காய் நறுக்குகிற ராயம்மா எண்ணெயையே கேட்டது. ஒரு சின்ன சீசாவைக் கொண்டுவந்து, கொஞ்சம் ஊற்றிக் கொடுங்க தம்பி, முட்டியில் தேய்க்க வேண்டும் என்றது. கொடுக்க மாட்டேன் என்றேன். கம்பெனிச் சரக்கு என்பதால் கஞ்சத்தனம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டது.

உட்கார வைத்துச் சொன்னேன். இது செக்கில் ஆட்டியது இல்லை. மண்ணெண்ணெய், டீசல் வருகிற அதே கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பது. அதில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து, நுரைக்காமல் இருக்க ஒரு மருந்து, பம்பு தேயாமல் இருக்கத் துத்தநாகம் சேர்ந்த ஒரு மருந்து. இரும்புக்குப் பார்த்துப் பார்த்துக் கலந்தது. மனுசனுக்கு இல்லை, மண்ணுக்கும் இல்லை. தோலில் பட்டால் எனக்கே சொறி வரும் என்று கையைக் காட்டினேன். ராயம்மா கையைப் பார்த்தது. சீசாவை மட்டும் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

"அம்மாம்பெரிய பொட்டியையே தூக்குது, என் முட்டியத் தூக்காதா?"

பூசணிக்கொடி

பெருமாள்மலை சர்வீஸ் ஸ்டேஷன் முதலாளி பாண்டி. கார் லிஃப்டில் பழைய எண்ணெயை மாற்றினால் டின்னில் பிடித்து வைக்கச் சொல்வார். என்ன செய்கிறார் என்று பார்த்தேன். பின்பக்கம் ஒரு பூசணிக்கொடி. வேலிக்காலில் கரையான். வேலிக்காலையும் கொடி வேரையும் சுற்றி எண்ணெயை ஊற்றிவிட்டார்.

அடுத்த தடவை போனபோது கரையான் இல்லை. கொடியும் இல்லை. அந்த வட்டத்தில் புல் இல்லை, மண்புழு இல்லை. கோழி கூட அங்கே கிளறாமல் சுற்றிப் போனது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலே நின்றது. என்ன அண்ணே இது என்று கேட்டேன்.

"கரையான் செத்துச்சுல்ல? நான் கேட்டது அதுதான்."

அமைதியான அறைகள்

ஹோட்டலுக்குப் பின்னால் சரிவு. சரிவின் அடியில் ஓடை. பின்பக்க அறைகளில் தங்குகிறவர்கள் தவளைச் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்வது வழக்கம். அந்த வருசம் மழை பெய்தது, ஓடை ஓடியது, தவளைகள் கத்தவில்லை. ஒன்றுகூட இல்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை. மேனேஜருக்கு மட்டும் பரம சந்தோசம். கோயம்புத்தூரிலிருந்து வருசா வருசம் வருகிற ஒரு மில்காரர், என்னப்பா இந்தத் தடவை இவ்வளவு நிம்மதியாக இருக்கிறதே என்று கேட்டார். தனராஜ் டையைத் தடவிக்கொண்டார்.

"எங்க ஹோட்டல்ல தவளை கத்தாது சார். அந்த மாதிரி மெயின்டெய்ன் பண்றோம்."

கலர் தண்ணீர்

கல்யாணம் முடிந்த கையோடு மெட்ராஸிலிருந்து வந்த ஜோடி ஒன்று ஓடைக்கு இறங்கிப்போய்ப் போட்டோ எடுத்தது. தண்ணீர் தேங்குகிற இடத்தில் வானவில் மாதிரி ஊதா, பச்சை, மஞ்சள் படலம். பெண்ணைப் பாறையில் உட்காரவைத்து, கையைத் தண்ணீரில் வைக்கச் சொல்லிப் பல கோணத்தில் எடுத்தார் மாப்பிள்ளை. பக்கத்தில் பால்காரர் ஒருவர் எருமையைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அது மூக்கை நனைக்காமல் பின்வாங்கியது. எருமைக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை ஹோட்டலுக்கு வந்து எங்கள் எல்லாரிடமும் மலையைப் புகழ்ந்தார்.

"எங்க ஊர்ல இந்தக் கலர் தண்ணிக்கு மூக்கைப் பொத்திக்கணும். இங்க போட்டோ எடுக்கலாம்."

பஸ் வாசம்

பிறகுதான் விரிப்பு விவகாரம் வந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்பில் பழுப்புக் கறை. துவைத்துக் காயும்போது தெரியாது. இஸ்திரிப் பெட்டி பட்டதும் திட்டுத் திட்டாக எழும்பும். கூடவே வாசம். தலையணை உறையிலும் அதே. திருச்சியிலிருந்து வந்த ஒருவர், மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து ஓய்ந்து, அறைக்குப் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து ரிசப்ஷனுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. விரிப்பைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

"பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன்னு நெனச்சேன். கட்டில்லயும் பஸ் வாசம்தான் அடிக்குது. எனக்குத் திரும்ப வருது."

காக்கியும் வெள்ளையும்

அந்த ஹோட்டலுக்குத் துவைத்துக் கொடுத்தவர் சவரிமுத்து. அவரும் மனைவி ஆரோக்கியமும் அந்த ஓடையில்தான் துவைப்பார்கள். சோடா உப்பு, வெள்ளாவி, நீலம் என்று முறையாகச் செய்கிறவர்கள். வீட்டில் அடுப்பு எரிவதே ஹோட்டல் துணியால்தான். மற்றபடி கொஞ்சம் டிரைவர்களின் காக்கி. மேனேஜர் அந்தக் காக்கியைப் பிடித்துக்கொண்டார். லாரிக்காரன் சட்டையையும் ஹோட்டல் விரிப்பையும் ஒன்றாகப் போட்டு அலசினால் எண்ணெய் வாசம் வராதா? நியாயமான கேள்வியாகத்தான் எல்லாருக்கும் பட்டது. கறை நிற்காவிட்டால் மதுரையில் மெஷின் வைத்துத் துவைக்கிற கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

சவரிமுத்து பயந்துபோய் டிரைவர்களின் துணியை வாங்குவதையே விட்டுவிட்டார். அந்த வருமானமும் போனது. கறை போகவில்லை. சோப்பை மாற்றினார். சாம்பலை மாற்றினார். துவைக்கிற கல்லையே பெயர்த்துத் திருப்பிப் போட்டார். சலேத் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். திரும்பி வந்து அதே ஓடையில் விரிப்பை முக்கினார். பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தபோது ஆள் பாதியாகியிருந்தார்.

"காக்கிய நான் விட்டேன் சார். வெள்ளை என்னைய விட்டுரும் போல கெடக்கு."

என் சட்டை

காக்கி போன பிறகும் கறை வந்ததால் மேனேஜருக்கு வேறு குற்றவாளி தேவைப்பட்டது. நான் அகப்பட்டேன். என் யூனிஃபார்மும் சவரிமுத்துவிடம்தான் போகும். அதில்தான் எண்ணெய் இருக்கிறது, அதுதான் பரவுகிறது என்று சொல்லிவிட்டார். ஒரு சட்டை, ஒரு கால்சட்டை. அது இத்தனை அறை விரிப்பையும் நாசம் பண்ணுமாம். எனக்குக் கோபம். துணியை வாங்கிவந்து அறையில் வாளியில் ஊறவைத்து நானே துவைத்தேன். பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். கோபத்தை எல்லாம் அதில் காட்டினேன்.

விரிப்பில் கறை வழக்கம்போல வந்தது. என் சட்டை நிரபராதி என்று தீர்ப்பாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு ஹோட்டலுக்குப் போனபோது ஆரோக்கியம் எதிரே வந்தது. மூட்டையைத் தலையிலிருந்து இறக்காமலே என்னைச் சுற்றிவந்து முன்னும் பின்னும் பார்த்தது.

"அண்ணே, கறை அப்படியே இருக்கு. சட்டைதான் போயிருச்சு."

கடலை எண்ணெய்

அடுத்த கோடை. டீசலுக்கே டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற காலம். லிஃப்ட் எண்ணெய் மதுரையிலிருந்து வரவில்லை. கம்பெனியில் கேட்டால் வரும் வரும் என்றார்கள். ஹோட்டல் நிறைந்திருந்தது. லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு ஒரு முழம் கீழேயே நின்றது. அதற்கு மேல் தள்ள எண்ணெய் இல்லை. ஏறி இறங்கத் தெரிந்தவர்கள் ஏறினார்கள். குண்டானவர்களைப் பிச்சை கைகொடுத்துத் தூக்கினான்.

நான் கூக்கால் கிராமத்துப் பஸ்ஸில் வந்த ஒருவரிடம் சேதி கேள்விப்பட்டு வருவதற்குள் தனராஜ் காரியத்தை முடித்திருந்தார். சமையலறையிலிருந்து கடலை எண்ணெய் டின்களைக் கொண்டுவரச் சொல்லி டேங்கில் ஊற்றிவிட்டார். லிஃப்ட் ஓடியது. நன்றாகவே ஓடியது. அதுதான் எரிச்சல். கடலை எண்ணெயும் வழவழப்பானதுதான், பெட்டியைத் தள்ளும். நாளாக ஆகப் பிசினாகிப் பம்பை அடைக்கும், அது வேறு. டேங்க் மூடியைத் திறந்தால் பலகாரக்கடை வாசம். சமையல் மாஸ்டர் காலி டின்னை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"வடைக்கு வச்சிருந்தேன். இனி லிஃப்டத்தான் பொரிக்கணும்."

எறும்பு

ஒரு வாரம் போகவில்லை. விரிப்பில் கடலை எண்ணெய் வாசம். கட்டில் காலில் எறும்புச் சாரி. பழைய எண்ணெய்க் கறை பக்கம் எறும்பு எட்டிப் பார்த்ததில்லை. இதற்குக் கூட்டம் கூட்டமாக வந்தது. விருதுநகர்க்காரர் ஒருவர் பொறுமையாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் ரூம் பையனைக் கூப்பிட்டுக் கேட்டாராம், வாசம் வந்து இவ்வளவு நேரமாகிறது, பலகாரம் எங்கே என்று.

ஆரோக்கியம் ஒரு விரிப்பைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டியது. காக்கி இல்லை, உங்கள் சட்டை இல்லை, எங்கள் வீட்டில் வடை சுட்டு எத்தனையோ காலம் ஆகிறது, இது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டது. நான் மோந்தேன். டேங்க் மூடியைத் திறந்தால் வருகிற அதே வாசம். அந்த லிஃப்ட் குழியைச் சுற்றி மழைத்தண்ணீர் வடிவதற்குக் கல்லடுக்குப் போட்டிருந்தார்கள். அது சரிவில் இறங்கி நேரே ஓடைக்குப் போகிறது. இத்தனை காலம் நான் டின் டின்னாக ஊற்றியதெல்லாம் அந்த வழியாகப் போய் இவர்கள் துவைக்கிற தண்ணீரில் கலந்து, வெள்ளாவியில் வெந்து, திரும்ப ஹோட்டலுக்கே வந்திருக்கிறது. தனராஜிடம் ஓடினேன். சொன்னேன். மதுரைச் சலவைக் கம்பெனியோடு பேசியாகிவிட்டது, வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து அவர்கள்தான், சவரிமுத்துவிடம் சொல்லிவிட்டேன் என்றார்.

"லிஃப்ட் மேலயும் கீழயும்தான் போகும் மிஸ்டர். ஓடைக்கெல்லாம் போகாது."

ஆரோக்கியம் ஏறியது

அந்த ஹோட்டலில் ஒரு சட்டம். வேலைக்காரர்களும் துணிமூட்டையும் பின்படி வழியாகத்தான் போக வேண்டும். லிஃப்ட் டூரிஸ்டுக்கு மட்டும். ஆரோக்கியம் எத்தனையோ வருசம் மூன்று மாடிக்கும் மூட்டையைத் தலையில் சுமந்து பின்படியில் ஏறி இறங்கியது. மறுநாள் வெள்ளனே, நான் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்வாசல் வழியாக மூட்டையோடு வந்தது. நேரே லிஃப்டுக்குள் போய், மூணாவது மாடி என்றது. யார் மாடி எண்ணைச் சொன்னாலும் பிச்சையின் கை தானாக வேலை செய்யும். கொண்டுபோய் நிறுத்திவிட்டான். ஆரோக்கியம் கதவைத் திறந்து அவனை இறங்கச் சொன்னது. இறங்கினான். மூட்டையை நடுவில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. மேனேஜர் என்னோடு ஓடைக்கு வந்து பார்க்க வேண்டும், அதுவரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. தனராஜ் படியேறி மூச்சிரைக்க வந்தார். நான் பின்னால் வந்தேன். அறைகளிலிருந்து குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாகச் சனம் எட்டிப் பார்த்தது.

தனராஜ் நின்றுகொண்டு பேசினார். அது உட்கார்ந்துகொண்டு பேசியது. கொஞ்ச நேரத்தில் அவர் குனிந்து பேசினார். பிறகு குத்துக்காலிட்டுப் பேசினார். அவருக்கே ஏன் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓடாதுதான். சிலிண்டர் ஒழுகினால் அமுங்கும். கடலை எண்ணெய் பழையதைவிட மெலிசு, துளையில் அதற்கு ஓட்டம் அதிகம். பெட்டி விரற்கடை விரற்கடையாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைப் பின்னால் தள்ளி நிறுத்தினேன். தனராஜ் தரையில் குப்புறப் படுத்து, டை குழிக்குள் தொங்க, மதுரை மெஷினின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் அண்ணாந்து பார்த்தது. நீங்க பாட்டுக்கு எதுக்கு சார் மேல போய்க்கிட்டே இருக்கீங்க என்று கேட்டது. அதன் தலை தரைக்குக் கீழே மறைந்தது.

மேல் கதவை இழுத்துப் பூட்டினேன். தனராஜ் இரண்டாவது மாடிக்கு ஓடினார். சனமும் ஓடியது. அங்கே கிரில் கதவுக்குப் பின்னால் முதலில் பெட்டியின் அடிப்பலகை வந்தது, பிறகு ஆரோக்கியத்தின் கால், பிறகு மூட்டை. முகம் வருவதற்குள் அவர் மூட்டையோடு பேச ஆரம்பித்துவிட்டார். கம்பிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அது. ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனவர் மாதிரி இருந்தது. அந்த மாடியும் தாண்டியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட குடும்பம்கூட நின்று பார்த்தது. நான் கீழே போய் டேங்கில் அளவுக் குச்சியை விட்டு எடுத்தேன். லிஃப்ட் மூன்று மாடி இறங்கினால் எண்ணெய் டேங்குக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். குச்சியில் காலையில் பார்த்த அளவுக்கு மேல் ஏறவே இல்லை. தரைத்தளத்தில் பெட்டி வந்து உட்கார்ந்ததும் குச்சியைத் தனராஜிடம் நீட்டினேன். இறங்கின எண்ணெய் இங்கே இல்லை, எங்கே சார் போச்சு என்றேன். அவர் குச்சியைப் பார்த்தார். சனம் அவரைப் பார்த்தது. ஆரோக்கியம் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வாங்க சார், போயிருக்கிற எடத்தக் காட்டுறேன் என்று முன்னால் நடந்தது. எல்லாரும் சரிவில் இறங்கினோம். தனராஜ் ஓடையில் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து மோந்தார். திரும்ப மோந்தார். சவரிமுத்து துவைகல்லுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். தனராஜ் சீசன் என்று ஆரம்பித்தார். சுற்றிப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

"லிஃப்டை மூடுங்க மிஸ்டர். மதுரைக்காரனுக்கு நான் வேண்டாம்னு சொல்லிடறேன்."

மண்

சீசன் நடுவில் லிஃப்டை நிறுத்திச் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியைக் கட்டிச் சிலிண்டரை உருவினோம். ஈர மண் அரித்து அடிப்பக்கம் இடியாப்ப அச்சு மாதிரி இருந்தது. புதுசை இறக்கும்போது, மண் படாமல் இருக்கச் சுற்றிலும் பிளாஸ்டிக் குழாய் போட்டேன். கூடவே வெளியே வந்தது ஒரு குவியல் கறுப்பு மண். அதை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. எங்கே கொட்டினாலும் மழை அதை இன்னொரு ஓடைக்குக் கொண்டுபோகும். தொட்டி கட்டி அதில் போட்டு மூடச் சொன்னேன். அதற்குள் ஒரு கூடையைத் தோட்டக்காரர் ரோஜாவுக்குப் போட்டுவிட்டார். மலை மண் கறுப்பாக இருந்தால் சத்து என்பது அவர் கணக்கு. ரோஜா கருகியது. தோட்டக்காரர் என்னைத் தேடி வந்தார்.

"மருந்து கலந்த மண்ணுன்னாங்களே, செடிக்குத்தான் மருந்துன்னு நெனச்சேன்."

பின்படி

கடலை எண்ணெயும் சாது இல்லை. ஓடையில் தேங்கிய இடத்தில் ஊசிப்போய் நாறியது. ஆனால் எறும்பும் புழுவும் பாசியுமாகத் தின்று, ஒரு மழைக்காலத்தில் ஆள் அடையாளம் இல்லாமல் போய்விட்டது. கச்சா எண்ணெய்ச் சரக்கு போகவில்லை. பிறகும் வெகுகாலம் ஓடையில் கல்லைப் புரட்டினால் அடியிலிருந்து வானவில் எழும்பும். சவரிமுத்து ஹோட்டலுக்கு மேல்பக்கம், தண்ணீர் சுத்தமாக வருகிற இடத்துக்குத் துவைகல்லை மாற்றினார். ஏற்றம்தான், ஆனால் விரிப்பு வெள்ளையாக வந்தது. ஹோட்டல் துணி அவரிடமே இருந்தது. டிரைவர்களும் காக்கியைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

லிஃப்டைத் திரும்ப ஓட்டிய அன்று முதலாளி வந்து தேங்காய் உடைத்தார். தனராஜ் மரியாதையாக, இனிமேல் நீ மூட்டையோடு லிஃப்டிலேயே போகலாம் என்று ஆரோக்கியத்திடம் சொன்னார். பிச்சை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ஆரோக்கியம் உள்ளே ஒரு பார்வை பார்த்தது. பின்படிப் பக்கம் திரும்பியது.

"வேணாம் சார். ஒருக்கா ஏறினதுக்கே இம்புட்டுச் சோலியாயிருச்சு."

சிலிண்டரை மாற்றியது நான், மாற்றச் சொன்னது மேனேஜர், தேங்காய் உடைத்தது முதலாளி, ஆனால் அந்த லிஃப்டை யார் சரிபண்ணியது என்று கேட்டால், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அதில் ஏறி ஒரு பொத்தானையும் தொடாமல் இறங்கிய சலவைக்கார ஆரோக்கியம்.